ஒரு பக்கம் மேடை, மறுபக்கம் பெருவெளி: டெத் மெட்டலும் ஆம்பியன்டும் ஒரே இசைத்தட்டில்

இசைத்தட்டின் முதல் பக்கத்தில் ஒரு டெத் மெட்டல் (அதிவேக டிரம்ஸும் உறுமும் குரலும் கொண்ட கனத்த ராக் வகை) குழுவின் மேடைப் பதிவு. தட்டைத் திருப்பினால் டிரம்ஸ் இல்லை, உறுமல் இல்லை. சின்தசைசர் என்ற மின்னணு வாத்தியத்தில் இழுத்துப் பிடித்த ஸ்வரங்கள் இருபது நிமிடம் மெல்ல நிறம் மாறிக்கொண்டே போகின்றன. ஆம்பியன்ட் என்பது இந்த வகை இசைதான். இப்படிப்பட்ட ஜோடிக்கு வழக்கமாக ஒரே விளக்கம்தான் சொல்லப்படுகிறது: முதல் பக்கம் அடித்துத் துவைக்கும், இரண்டாம் பக்கம் ஆற்றித் தேற்றும். இந்த விளக்கம் எனக்கு ஒருபோதும் போதவில்லை. ஓய்வுதான் தேவை என்றால் மௌனமே போதும்; அதற்காக யாரும் இருபது நிமிட இசையை எழுதிப் பதிவுசெய்ய வேண்டியதில்லை.

ஒலி அடர்ந்துகொண்டே போய், தனித்தனி அடிகளாகவும் ஸ்வரங்களாகவும் கேட்பது நின்றுபோகும் எல்லை ஒன்று உண்டு. டெத் மெட்டல் அந்த எல்லையை வேகத்தால் தொடுகிறது, ஆம்பியன்ட் மந்தகதியால் தொடுகிறது. இரண்டும் சந்திக்கும் இடம் மேடைப் பதிவு. அதனால்தான் ஸ்டுடியோ ஆல்பத்தைவிட மேடைப் பதிவோடு ஆம்பியன்ட் இயல்பாகப் பொருந்துகிறது என்பது என் வாதம். இதைச் சோதிக்க அமெரிக்காவின் டென்வர் நகரக் குழுவான பிளட் இன்கான்டேஷனை மைய நிகழ்வாக எடுத்துக்கொள்கிறேன். அதற்கு முன் அரங்குக்குள் ஒலிக்கு என்ன ஆகிறது என்று பார்த்துவிட வேண்டும்.

அரங்குக்குள்

பிளாஸ்ட் பீட் என்ற இடைவிடாத அதிவேக டிரம்ஸ் அடியை நிமிடத்துக்கு 240 துடிப்பு வேகத்தில் ஒரு டிரம்மர் வாசிக்கிறார் என்று கொள்வோம். ஒரு துடிப்புக்கு நான்கு அடி என்றால் நொடிக்கு 16 அடி. நொடிக்கு ஏறத்தாழ 20 என்ற அளவைத் தாண்டும்போது மனிதக் காது அடிகளைத் தனித்தனியாகப் பிரிப்பதை விட்டுவிட்டு அவற்றை ஒரே தொடர் ஒலியாகக் கேட்கத் தொடங்குகிறது. ஆக, இந்த டிரம்மர் வாசிப்பது அந்த வாசலுக்குச் சற்று முன்னால். ஸ்டுடியோவில் ஒவ்வொரு அடியையும் கூர்மையாக்கி, பேஸ் டிரம்முக்கு 'டிக்' என்ற முனை கொடுத்து, வாசலைத் தாண்டாமல் பிடித்து வைக்கிறார்கள்.

அரங்கில் அந்தப் பிடி தளர்ந்துவிடுகிறது. ஒரு ஒலி 60 டெசிபல் குறைந்து அடங்க எடுக்கும் நேரத்தை எதிரொலிப்பு நேரம் என்பார்கள். அது 1.5 நொடி உள்ள நடுத்தர அரங்கில், ஒரு அடி அடங்கி முடிவதற்குள் இன்னும் 24 அடிகள் விழுந்துவிடும். காற்றில் எந்தக் கணத்திலும் இரண்டு டஜன் அடிகளின் மிச்சம் மிதந்துகொண்டிருக்கிறது.

கிட்டாரின் கதையும் இதேதான். கீழ் தந்தியை 'பி' வரைக்கும் இறக்கிச் சுருதி சேர்த்தால் அதன் அடிப்படை அதிர்வெண் சுமார் 61.7 ஹெர்ட்ஸ், அலைநீளம் ஐந்தரை மீட்டருக்குச் சற்று அதிகம். அரங்கின் அளவோடு ஒப்பிடத்தக்க நீளம் இது. அலை சுவரில் மோதித் திரும்பித் தன்னோடு தானே சேர்ந்து, ஓரிடத்தில் வீங்குகிறது, இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் காணாமல் போகிறது. கிட்டார் ஒலியை வேண்டுமென்றே கரகரக்க வைக்கும் டிஸ்டார்ஷன் ஏற்கெனவே ஒலியின் மேடுபள்ளங்களைத் தட்டையாக்கிவிட்டது. உறுமும் பாடகர் மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கிறார். அதனால் மைக்கின் திசையுணர்வு கெட்டு, பின்னால் இருக்கும் சிம்பல்களும், கலைஞர்கள் தங்கள் இசையைக் கேட்க மேடையில் வைக்கும் மானிட்டர் ஒலிபெருக்கியின் ஒலியும் அதே சேனலுக்குள் நுழைகின்றன. கடைசி வரிசையில் நிற்பவருக்கு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) கேட்பதில்லை. ரிஃப்பின் மேகம் கேட்கிறது.

பலர் இதை மேடைப் பதிவின் குறையாகவே பார்க்கிறார்கள். பேஸ் டிரம்முக்குப் பதில் சாம்பிள் (முன்பே பதிவான அடி) வைத்து, கிட்டாரை மறுபடி ஆம்ப்பில் (ஒலியைப் பெருக்கும் கருவியில்) ஓட்டி, பார்வையாளர் ஒலியைப் பாட்டுகளுக்கு நடுவில் மட்டும் தூவி, கிட்டத்தட்ட ஸ்டுடியோ ஆல்பம் மாதிரி ஆக்கிவிடுவார்கள். அப்படி ஆக்கிய பதிவுக்குப் பின்னால் ஆம்பியன்ட் பக்கம் வந்தால் அது நிச்சயம் ஒட்டவைத்ததாகத்தான் தெரியும். மேகத்தைத் துடைத்து அகற்றிவிட்ட பிறகு இரண்டாம் பக்கத்துக்குக் கொண்டுபோக எதுவும் மிஞ்சுவதில்லை.

டென்வர்

பிளட் இன்கான்டேஷனில் நால்வர்: பால் ரீடில் குரலும் கிட்டாரும், மோரிஸ் கொலோன்டிர்ஸ்கி கிட்டார், ஐசக் ஃபால்க் டிரம்ஸ், ஜெஃப் பாரெட் பேஸ். 2016இல் வந்த 'ஸ்டார்ஸ்பான்' ஆல்பம் பதின்மூன்று நிமிடப் பாட்டோடு தொடங்குகிறது. ஒரு முதல் ஆல்பத்தின் முதல் பாட்டையே இவ்வளவு நீட்டியதில் எங்கே போகப்போகிறார்கள் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. ரிஃப்கள் அடுக்கடுக்காக வந்து, இடையில் தளர்ந்து, மிதந்து, மறுபடி இறுகுகின்றன.

2019இல் வந்த 'ஹிடன் ஹிஸ்டரி ஆஃப் தி ஹியூமன் ரேஸ்' முழுவதும் அனலாக் டேப்பில் பதிவானது. நான்கே பாட்டுகள். மூன்றாவது ஏறக்குறைய முழுவதும் வாத்தியம் மட்டுமே. நான்காவது பதினெட்டு நிமிடம். அதில் மெட்டல் முற்றிலும் விலகிக்கொண்டு சின்தசைசர் மட்டும் மூச்சுவிடும் இடங்கள் உண்டு. அவை பாட்டுக்கு நடுவே வைத்த இடைவேளையாக எனக்குக் கேட்கவில்லை. முந்தைய ரிஃப் விட்டுச்சென்ற எதிரொலி இன்னும் அடங்காமல் நீள்வதாகவே கேட்கிறது.

2022 பிப்ரவரியில் வந்தது 'டைம்வேவ் ஸீரோ'. இரண்டே படைப்புகள், ஒவ்வொன்றும் நான்கு பகுதிகள், மொத்தம் சுமார் நாற்பது நிமிடம். பிளாஸ்ட் பீட், உறுமல், ரிஃப் மூன்றும் இல்லை. வேறு பெயரில் ஒரு கிளைக் குழுவாக வெளியிட்டிருக்கலாம். பலர் அப்படித்தான் செய்வார்கள். ரசிகர் கோபத்திலிருந்து அது ஒரு பாதுகாப்பு. இவர்கள் அதே பெயரில், அதே நால்வராக வெளியிட்டார்கள். இந்த முடிவைத்தான் இந்த நிகழ்விலேயே மிகத் துணிச்சலானதாக நான் கருதுகிறேன். டெத் மெட்டல் குழு என்றால் என்னென்ன வாத்தியம் வாசிப்பவர்கள் என்று வரையறுக்காமல், எப்படிக் கேட்பவர்கள் என்று வரையறுக்கச் சொல்கிறது அந்தப் பெயர். ரசிகர்கள் பிளவுபட்டார்கள். பிளவு நியாயமானதே. ஆனால் ஆம்பியன்டை மட்டும் தனி ஆல்பமாக வைத்ததில் ஓர் இழப்பும் இருந்தது: எதன் மறுமுனை இது என்பதைக் கேட்பவர் தன் நினைவிலிருந்து எடுத்துச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

2023இல் அந்த இழப்பைச் சரிசெய்தார்கள். 'லூமினசென்ட் பிரிட்ஜ்' என்ற வெளியீட்டில் இரண்டே தடங்கள். ஒன்று முழு டெத் மெட்டல். மற்றது சின்தசைசர் முன்னிற்கும் வாத்திய இசை. நீளத்தில் ஏறத்தாழ சமம். ஒன்று முடிந்ததும் மற்றது தொடங்க, முன்னதில் கிட்டார் பிடித்திருந்த உயரமான மெல்லிசை வரிகள் பின்னதில் தாள அழுத்தம் நீங்கி வாழ்வதைக் காது தானாகவே கண்டுபிடித்துவிடும். இது ஸ்டுடியோ வேலைதான், மேடைப் பதிவு இல்லை. ஆனாலும் ஜோடி சேர்ப்பதன் இலக்கணத்தை இவ்வளவு சுருக்கமாகக் காட்டும் வேறொரு தட்டு எனக்குத் தெரியாது.

ஹன்ஸா

அடுத்த ஆல்பத்தைப் பெர்லினில் உள்ள ஹன்ஸா ஸ்டுடியோவில் ஆர்தர் ரிஸ்க் தயாரிப்பில் பதிவுசெய்தார்கள். 2024 அக்டோபரில் 'அப்ஸொலூட் எல்ஸ்வேர்' வந்தது. இரண்டு படைப்புகள், தட்டின் பக்கத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றும் மூன்று 'பலகை'களாகப் பிரிந்தது. முதல் படைப்பான 'தி ஸ்டார்கேட்'டின் இரண்டாம் பலகையில் ஜெர்மன் மின்னணு இசைக்குழுவான டாஞ்சரின் ட்ரீமின் தோர்ஸ்டன் க்வெஷ்னிங் சின்தசைசர் வாசிக்கிறார்.

இடத் தேர்வு வெறும் புனித யாத்திரை இல்லை. பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் போவியின் 1977ஆம் ஆண்டு ஆல்பமான 'ஹீரோஸ்' அதே ஹன்ஸாவில் பதிவானது. ஆம்பியன்ட் இசையின் முன்னோடி பிரையன் ஈனோ உடனிருந்தார். அதன் முதல் பக்கம் பாடல்கள், இரண்டாம் பக்கத்தின் பெரும்பகுதி பாடலில்லாத ஒலிவெளிகள். அதே ஆண்டு அதற்கு முன் வந்த 'லோ'வும் இதே அமைப்பு. ராக் ஒரு பக்கம், ஆம்பியன்டுக்கு மிக நெருங்கிய இசை மறுபக்கம் என்ற ஏற்பாடு வெகுஜன இசைக்குள் நிலைபெற்ற தருணம் அது. 'ஆம்பியன்ட் 1' என்ற தலைப்போடு ஈனோவின் விமான நிலைய இசை வந்ததே அதற்கு அடுத்த ஆண்டு, 1978இல். டாஞ்சரின் ட்ரீமும் 1979ஆம் ஆண்டின் 'ஃபோர்ஸ் மஜூர்' ஆல்பத்தை ஹன்ஸாவில்தான் பதிவுசெய்தது.

இன்னொரு உறவும் இங்கே நினைவில் வைக்க வேண்டியது. டாஞ்சரின் ட்ரீமின் 'ரிக்கோஷே', 1975ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தை ஒட்டி மேடைப் பதிவாக வெளிவந்தது. ஸ்டுடியோ வேலையும் அதில் கலந்திருக்கிறது. சின்தசைசர் இசையே அந்நாளில் மேடையில், ரசிகர் கூட்டத்தின் முன், உரத்த ஒலியில், ஸ்வரங்களைத் தானாகத் திரும்பத் திரும்ப வாசிக்கும் சீக்வென்சரின் இடைவிடாத துடிப்போடு நிகழ்ந்தது. அதை அமைதிக்கான இசை என்று மட்டும் நினைப்பது பிற்காலப் பழக்கம். டெத் மெட்டல் குழு ஒன்று அந்த மரபிடம் போய் நிற்பதில் விசித்திரம் ஏதுமில்லை.

மற்ற முயற்சிகள்

பிளட் இன்கான்டேஷன் திடீரென்று முளைத்தது இல்லை. மெல்பர்ன் குழுவான டிஸெம்போவெல்மென்ட் 1993ஆம் ஆண்டின் ஒரே முழு ஆல்பத்தில் பிளாஸ்ட் பீட்டையும் எதிரொலியில் மிதக்கும் தனித்த கிட்டார் ஸ்வரங்களையும் ஒரே பாட்டுக்குள் வைத்தது. குழு கலைந்த பின் அதன் உறுப்பினர்கள் ட்ரையல் ஆஃப் தி போ என்ற பெயரில் ஆம்பியன்ட் பக்கம் போனார்கள். அதிவேக மெட்டல் குழுவான நேபாம் டெத்தில் டிரம்ஸ் வாசித்து, பிளாஸ்ட் பீட் என்ற பெயரையே பரப்பியவராகக் கருதப்படும் மிக் ஹாரிஸ், 1990களில் லல் என்ற பெயரில் அடிகளே இல்லாத இருண்ட ஆம்பியன்ட் செய்தார். மிக வேகமாக அடித்தவரே அடிப்பதை முற்றிலும் நிறுத்தியது என் வாதத்துக்கு மிகவும் நெருக்கமான சாட்சி. அந்த வேகத்துக்கு அடுத்த படி இன்னும் வேகம் இல்லை, தொடர் ஒலிதான்.

ஒட்டாமல் போன உதாரணமும் சொல்ல வேண்டும். மார்பிட் ஏஞ்சல் எனக்கு மிகவும் பிடித்த டெத் மெட்டல் குழு. 1996இல் 'என்டாங்கிள்ட் இன் கேயாஸ்' என்ற மேடைப் பதிவு, 1998இல் 'ஃபார்முலாஸ் ஃபேட்டல் டு தி ஃப்ளெஷ்'. பின்னதில் அதன் கிட்டார் கலைஞர் ட்ரே அசக்தாத் உருவாக்கிய ஒலிவெளித் துண்டுகள் ஆல்பத்தின் கடைசியில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றிலும் விஷயம் இருக்கிறது. ஆனால் ஆல்பம் முடிந்த பிறகு வரும் பின்னிணைப்பாகவே அவை நிற்கின்றன. முந்தைய பாட்டுகளின் ஒலி எதுவும் அவற்றுக்குள் கசியவில்லை. இதே துண்டுகள் அந்த மேடைப் பதிவின் மறுபக்கத்தில், கடைசிப் பாட்டின் ஃபீட்பேக்கிலிருந்து (ஒலிபெருக்கியின் ஒலி மறுபடி கிட்டாருக்குள் புகுந்து எழும் நீண்ட ஊளையிலிருந்து) முளைத்து வந்திருந்தால் வேறு மாதிரி நிற்கும் என்று பலமுறை எண்ணியதுண்டு.

எப்படிச் செய்யலாம்

ஒரு குழு தன் மேடைப் பதிவையும் ஆம்பியன்டையும் இணைக்க முனைந்தால், வேலை நிகழ்ச்சி நாளன்றே தொடங்கிவிட வேண்டும். கலவை மேசையிலிருந்து ஒவ்வொரு சேனலையும் தனித்தனியாகப் பதிவுசெய்வது எல்லோரும் செய்வது. அத்தோடு அரங்கின் நடுவிலும் பின்னாலும் குறைந்தது ஒரு ஜோடி மைக் வைக்க வேண்டும். மேடையிலிருந்து 20 மீட்டர் தள்ளி வைத்த மைக்குக்கு ஒலி சுமார் 58 மில்லி நொடி தாமதமாக வரும். மெட்டல் பக்கத்துக்காக அந்தத் தடத்தை முன்னால் இழுத்துப் பொருத்தலாம். இரண்டாம் பக்கத்துக்கு அந்தத் தாமதமே மூலப்பொருள்.

அதைவிட முக்கியமான ஒன்று, கூட்டம் வருவதற்கு முன் காலி அரங்கில் தாழ்ந்த அதிர்வெண்ணிலிருந்து உயர்ந்த அதிர்வெண் வரை ஏறும் ஒரு சோதனை ஒலியை ஒலிபெருக்கியில் ஓடவிட்டுப் பதிவுசெய்துகொள்வது. அதிலிருந்து அரங்கின் எதிரொலிப் பதிவு கிடைக்கும். பின்னர் சின்தசைசர் ஒலியைக் கணினியில் அந்தப் பதிவோடு கன்வல்யூஷன் (ஓர் ஒலிக்கு ஓர் இடத்தின் எதிரொலியை ஏற்றும் கணக்கு) செய்தால், சின்தசைசர் அதே கூரையின் கீழ் ஒலித்தது போலவே கேட்கும். இரண்டு பக்கங்களுக்கும் சுவர்கள் ஒன்றாகிவிடுகின்றன. கேட்பவருக்கு இது தெரிய வேண்டியதே இல்லை, காது அறிந்துகொள்ளும். ஆயத்த ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) எதையாவது போட்டு ஆம்பியன்டை எங்கேயோ ஒரு கற்பனைக் குகைக்குள் தள்ளுவதைவிட இது எவ்வளவோ மேல்.

சுருதியையும் கவனிக்க வேண்டும். ஆம்பியன்ட் பக்கத்தின் அடிநாதம் மேடையில் கிட்டார் சேர்த்திருந்த அதே சுருதியில் இருந்தால் உறவு உடனே பிடிபடும். இதில் ஒரு அழகான இயற்பியல் தற்செயல் இருக்கிறது. அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். ஆம்ப்பின் முனகலின் அடிநாதமும் அதுவே. கிட்டாரின் தாழ்ந்த 'பி' 61.7 ஹெர்ட்ஸ். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய சரியாகக் கால் தொனி (பியானோவின் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளின் இடைவெளியில் பாதி) வித்தியாசம். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது நொடிக்கு 1.7 முறை என்ற அளவில் ஒலி விம்மித் தணியும். பாட்டுகளுக்கு நடுவே எல்லோரும் கேட் (மெல்லிய ஒலியை வெட்டும் கருவி) போட்டு அறுத்தெறியும் அந்த முனகலை அறுக்காமல் வைத்துக்கொண்டு, அதன் மேல் மெதுவாக 'பி' ஸ்வரத்தை ஏற்றினால் ஆம்பியன்ட் பக்கத்தின் முதல் ஐந்து நிமிடம் தயார். ஐரோப்பாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கே இது 'ஜி'க்கு மிக அருகில் விழும். விம்மலும் மெதுவாக, நொடிக்கு ஒன்று என்ற அளவில் இருக்கும்.

தட்டும் ஓடையும்

வினைல் தட்டு இந்த ஜோடிக்காகவே பிறந்தது போன்ற வடிவம். உரத்த, அடித்தொனி மிகுந்த இசைக்குப் பள்ளங்கள் அகலமாக வேண்டும். பக்கத்துக்கு 20 நிமிடத்தைத் தாண்டினால் ஒலி அளவைக் குறைத்துத்தான் வெட்ட முடியும். மெல்லிய இசைக்கு அந்த நெருக்கடி இல்லை. ஈனோவின் 1975ஆம் ஆண்டு 'டிஸ்கிரீட் மியூசிக்'கின் தலைப்புப் படைப்பு ஒரே பக்கத்தில் முப்பது நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. எனவே குறுகிய மேடைப் பக்கம், நீண்ட ஆம்பியன்ட் பக்கம் என்ற சமமில்லாத பங்கீடு தட்டுக்கு இயல்பாகவே பொருந்துகிறது.

இன்னொன்று. நிமிடத்துக்கு 33⅓ சுற்றில், தட்டின் வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் நொடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. உள் முனையில் சுமார் 21 சென்டிமீட்டர்தான். பக்கத்தின் முடிவில் சிம்பல்கள் கரகரக்கக் காரணம் இதுவே. வேகப் பாட்டைக் கடைசியில் வைத்தால் அது நாசமாகும். மெதுவான, தாழ்ந்த பாட்டை அங்கே வைத்தால் தட்டும் தாங்கும், மறுபக்கத்துக்கான வழியும் திறக்கும். வினைலில் ஆம்பியன்டுக்குப் பகை ஒன்றே ஒன்று: தூசியின் படபடப்பு. அதற்காகவாவது ஆம்பியன்ட் பக்கத்தைச் சற்று உரக்க வெட்டச் சொல்ல வேண்டும்.

இணைய ஓடையில் (ஸ்ட்ரீமிங்கில்) சிக்கல் வேறு. ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகள் பாட்டுகளின் சராசரி உரப்பை −14 எல்.யு.எஃப்.எஸ். (உரப்பை அளக்கும் அலகு) என்ற அளவுக்குச் சமப்படுத்துகின்றன. மேடைப் பதிவு −8இலும் ஆம்பியன்ட் −18இலும் மாஸ்டர் செய்யப்பட்டிருந்தால் (வெளியீட்டுக்கான இறுதி வடிவம் பெற்றிருந்தால்) இரண்டுக்கும் இடையே பத்து டெசிபல் சரிவு. ஆல்பமாக வரிசையாகக் கேட்டால் ஸ்பாட்டிஃபை அந்தச் சரிவை அப்படியே காப்பாற்றும். கலைத்துப் போட்டோ பிளேலிஸ்டிலோ கேட்டால் மெட்டல் ஆறு டெசிபல் இறங்கும், ஆம்பியன்ட் உச்ச அளவு அனுமதிக்கும் மட்டும் ஏறும், சரிவு சமதளமாகும். குழு இதைத் தடுக்க முழுமையான வழி இல்லை. ஆனால் மேடைப் பக்கத்தைத் தொடக்கத்திலேயே −11 அளவில் மாஸ்டர் செய்யலாம். மேடைப் பதிவுக்கு அந்த மூச்சுவிடும் இடம் எப்படியும் நல்லது. அழுத்தி நசுக்கினால் முதலில் சாவது அரங்கின் எதிரொலிதான், இந்த ஜோடிக்கு உயிரே அதுதானே. தடப் பிரிப்பிலும் கவனம் வேண்டும். கடைசிப் பாட்டின் ஃபீட்பேக்கையும் ஆம்பியன்டின் முதல் நிமிடத்தையும் ஒரே தடத்துக்குள் வைத்துவிட்டால், எங்கிருந்து இழுத்து எந்தப் பட்டியலில் போட்டாலும் கேட்பவர் அந்த எல்லையைக் கடந்தே ஆக வேண்டும்.